விரால் வளர்ப்பு: 10 சென்ட் குளத்தில் குஞ்சு இறக்குவது முதல் உயிரோடு விற்பது வரை

விரால் வளர்ப்பில் நட்டப்படுகிறவர்களில் பெரும்பாலோர் முதல் இரண்டு மாதத்திலேயே நட்டப்பட்டுவிடுகிறார்கள். எட்டாவது மாதம் குளத்தை இறைக்கும்போதுதான் அது தெரியவருகிறது. ஆயிரக்கணக்கில் குஞ்சு விட்ட குளத்தில் சில நூறு மீன்தான் இருக்கும். ஒவ்வொன்றும் கொழுத்திருக்கும். செத்து மிதந்ததாக யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், ஏனென்றால் எதுவும் மிதக்கவில்லை. பெரியது சின்னதைத் தின்றிருக்கிறது, அவ்வளவுதான்.

கெண்டை வளர்ப்பில் தேர்ந்தவர்களே இதில் சறுக்குவதைப் பார்க்கலாம். கெண்டைக்குத் தண்ணீரைச் சரிசெய்தால் பாதி வேலை முடிந்தது. விராலுக்கு அளவு பிரிப்பதுதான் பாதி வேலை. இந்த வழிகாட்டி முழுக்க அதைச் சுற்றித்தான் நிற்கும்.

இங்கே சொல்வது வரி விரால் பற்றி, அதாவது ஏரி, குளம், வாய்க்கால், சதுப்பு எங்கும் கிடைக்கும் சாதாரண விரால். கணக்கெல்லாம் 10 சென்ட் குளத்துக்கு. அது சுமார் 400 சதுர மீட்டர். சராசரியாக ஒரு மீட்டர் தண்ணீர் நின்றால் ஏறத்தாழ 4 லட்சம் லிட்டர். முதல் முறை செய்கிறவர்கள் இதைவிடப் பெரிய குளத்தில் இறங்க வேண்டாம்.

1. குஞ்சுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்

பலரும் குஞ்சை முதலில் பேசி முடித்துவிட்டு, வண்டி வந்து நிற்கும்போது வலைக்கு அலைகிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். கீழே உள்ளவை எல்லாம் குளத்தங்கரைக்கு வந்த பிறகே குஞ்சுக்குச் சொல்லுங்கள்.

- சுற்றுவேலிக்கு 4 முதல் 5 அடி உயர நைலான் வலை, ஊன்ற மூங்கில் அல்லது சவுக்குக் கம்பு
- பறவைகளைத் தடுக்க மேல்வலை
- 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஹாப்பா வலைக்கூண்டு 5. மேலே மூடும் வலையோடு தைத்ததாக இருக்கட்டும்
- அளவு பிரிக்கத் துளையுள்ள கூடைகள், துளை அளவு வேறுவேறாக மூன்று
- குறைந்தது 40 சதவீதப் புரதமுள்ள மிதவைத் தீவனம், குச்சி அளவு சிறியதிலிருந்து பெரியது வரை
- அமோனியாவும் கார அமில அளவும் (pH) பார்க்கும் சோதனைப் பெட்டி
- கிராம் காட்டும் சிறு தராசு, கல்லுப்பு, விவசாயச் சுண்ணாம்பு

தீவனத்தை ஒரே கடையில் மொத்தமாக வாங்கிக் குவிக்காதீர்கள். திறந்த மூட்டை ஒரு மாதத்துக்கு மேல் நின்றால் எண்ணெய் கெட்டு வாடை மாறும். பழகிய மீன்கூட அதைத் துப்பிவிடும்.

காலத்தையும் பாருங்கள். ஜூன், ஜூலையில் குஞ்சு இறக்கினால், மார்கழிக் குளிர் வரும்போது மீன் 100 கிராமைத் தாண்டியிருக்கும், தாங்கும். ஐப்பசி, கார்த்திகையில் இறக்கினால் சின்னக் குஞ்சும் குளிரும் நோய்க்காலமும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும்.

2. குளத்தைக் காயவைப்பது

தண்ணீரை முழுக்க இறைத்து, வெடிப்பு விடும்வரை காயவிடுங்கள். பழைய குளமாக இருந்தால், காய்ந்த பிறகும் அடிச்சேற்றைக் கிளறிப் பார்க்க வேண்டும். விரால் காற்றைச் சுவாசிக்கிற மீன். மேலே ஓடு கட்டிய சேற்றுக்குள் ஈரம் இருக்கும்வரை உயிரோடு கிடக்கும். குளத்தின் ஆழமான மூலையிலும் மடைக்கு அடியிலும் மண்வெட்டியால் ஒரு அடி தோண்டினால் அகப்படும். அப்படித் தப்பிய ஒரு கிலோ விரால் ஒன்று இருந்தால் போதும், தினமும் உங்கள் குஞ்சில்தான் அதற்குச் சாப்பாடு.

இறைக்க முடியாத குளத்துக்கு இலுப்பைப் புண்ணாக்கு. ஆயிரம் லிட்டருக்கு 250 கிராம் என்ற கணக்கில் 10 சென்ட்டுக்கு 100 கிலோ வரும். முந்தைய இரவே ஊறவைத்துக் கரைத்துப் பரவலாக ஊற்ற வேண்டும். நஞ்சு இறங்க மூன்று வாரம் ஆகும். அதன் பிறகும் ஒரு வாளித் தண்ணீரில் நாலைந்து சின்ன மீனை ஒரு நாள் விட்டுப் பார்த்துவிட்டே அடுத்த வேலைக்குப் போங்கள்.

சுண்ணாம்பை மண்ணைச் சோதித்துப் போடுங்கள். சாதாரண மண்ணுக்கு 10 கிலோ, அமிலமான மண்ணுக்கு 20 கிலோ வரை. கார அமில அளவு 8-க்கு மேல் காட்டும் களர் மண்ணுக்குச் சுண்ணாம்பே வேண்டாம். மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டால் மண், நீர்ச் சோதனைக்கு வழி சொல்வார்கள். சுண்ணாம்பு போட்டு ஒரு வாரம் கழித்து 2 அடி தண்ணீர் விட்டு, 50 கிலோ மக்கிய சாணத்தைக் கரைத்து ஊற்றுங்கள். தண்ணீர் இளம்பச்சைக்குத் திரும்பியதும் 4 அடிக்கு ஏற்றலாம். தெளிந்த தண்ணீரில் குஞ்சுகள் ஒன்றையொன்று எளிதில் பார்க்கும், துரத்தும். பறவைக்கும் அது வசதி.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீராக இருந்தால் குழாயை உயரத்தில் கட்டி, கல்லின் மேல் விழுந்து சிதறி ஓடவிடுங்கள். அதில் கரைந்திருக்கும் வாயுவும் இரும்பும் குறையும்.

3. வேலி வலை

விரால் தாவும், ஈரப் புல்லில் ஊரவும் செய்யும். புது மழை பெய்த இரவில், தண்ணீர் வரும் திசையை எதிர்த்து ஏறுவது அதன் இயல்பு. கரை வழியாக ஓடிவரும் சின்ன ஓடை ஒன்றே அதற்குப் போதும்.

வலையின் அடிப்பகுதியை ஒரு அடி மண்ணுக்குள் புதைத்து மிதித்துவிடுங்கள். மேல்பகுதி சற்றே குளத்தின் பக்கம் சாய்ந்திருக்கட்டும். நேராக நிற்கும் வலையில் தாவி மோதுகிற மீன் சில நேரம் மறுபக்கம் விழும். சாய்ந்த வலையில் திரும்ப உள்ளேதான் விழும்.

மூலைகளைத் தனியாகக் கவனிக்க வேண்டும். கரையோரமாகவே நீந்திவரும் மீன் மூலையில் வந்து முட்டும், முட்டிய இடத்தில் மண்ணை நோண்டும். மூலைகளில் மட்டும் வலையை இரண்டடுக்காகப் போட்டு அடியில் செங்கல் வையுங்கள். மறக்கப்படுகிற இன்னொரு இடம் தண்ணீர் விழும் குழாய். தண்ணீர் விழும் சத்தத்துக்கு மீன் கூடி நின்று மேலே பாயும். குழாய்க்குக் கீழே இரண்டு மீட்டர் அகலத்துக்கு மேல்வலையை இறுக்கிக் கட்டுங்கள். வெளியேற்றும் குழாயின் வாயில் துருப்பிடிக்காத கம்பிவலை.

மேல்வலைக்கு மெல்லிய நரம்பு வலை வேண்டாம். தண்ணீர்ப்பாம்பு சிக்கிச் செத்து நாறும், அதை எடுக்கப் போய் வலை கிழியும். கெட்டி நூல் வலையே நல்லது.

4. குஞ்சு வாங்குவது

சந்தையில் இரண்டு விதமாகக் கிடைக்கும். ஒன்று, 2 முதல் 3 செ.மீ. நீளமுள்ள செங்குஞ்சு, விலை மலிவு. இன்னொன்று, குச்சித் தீவனத்துக்குப் பழக்கிய 8 முதல் 10 செ.மீ. குஞ்சு, விலை பல மடங்கு. முதல் முறைக்கு இரண்டாவதையே வாங்குங்கள். மலிவுக் குஞ்சில் மிச்சப்படுத்தும் பணம், பழக்கத் தெரியாததால் போகிற உயிர்க்கணக்கில் காணாமல் போகும்.

ஏரியில் செம்பந்தாக மிதக்கும் குஞ்சுக் கூட்டத்தை வாரிக்கொண்டு வந்து விற்கிறவர்கள் உண்டு. அதைத் தொடாதீர்கள். தாயும் தகப்பனும் காவல் நின்ற கூட்டம் அது. வாரியெடுத்தால் ஏரியில் அடுத்த ஆண்டுக்கு விரால் இல்லை. உங்களுக்கும் லாபமில்லை: உயிர் இரை மட்டுமே தின்று பழகியது, ஏரியின் நோயையும் கூடவே கொண்டுவரும், இனமும் கலந்திருக்கலாம். குறவைக் குஞ்சு கலந்தால் அது கடைசிவரை சிறுத்தே நிற்கும். அவுரி கலந்தால் மற்றதை முந்தி வளர்ந்து அவற்றையே தின்னும். அவுரிக்கு வால் தொடங்கும் இடத்தில் வளையமிட்ட கண்போன்ற புள்ளி இருக்கும், தேடிப் பாருங்கள்.

பண்ணைக்கு நேரில் போங்கள். காலைத் தீவனம் போடாமல் வைக்கச் சொல்லிவிட்டுப் போவது நல்லது. போனதும் இவற்றைப் பாருங்கள்:

உங்கள் கண்முன்னே ஒரு பிடி குச்சித் தீவனத்தை வீசச் சொல்லுங்கள். பழகிய குஞ்சு ஓரிரு நிமிடத்தில் மேலே வந்து கவ்வும். கவ்வித் துப்பினால் பாதிப் பழக்கம்தான். தொட்டி அடியிலேயே படுத்துக் கிடந்தால் வாங்க வேண்டாம். "ஆள் நிற்பதால் பயப்படுகிறது" என்பார்கள். பத்தடி தள்ளி நின்று பாருங்கள், அப்போதும் வராது.

ஒரு வலை அள்ளி இருபது குஞ்சை அளந்து பாருங்கள். மிகப் பெரியதற்கும் மிகச் சின்னதற்கும் 2 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால், பிரித்துத் தரச் சொல்லுங்கள். உடல் மெலிந்து தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தால் பட்டினி கிடந்த குஞ்சு, தேறாது. மூக்கு நுனியில் வெள்ளை படர்ந்திருந்தால் தொட்டிச் சுவரில் முட்டிய காயம், பூஞ்சை ஏறும்.

10 சென்ட்டுக்கு 2,000 மீன், அதாவது சதுர மீட்டருக்கு 5 என்பது முதல் முறைக்குப் போதும். வழியில் சாகும், கழித்து எடுப்போம் என்று 2,400 குஞ்சு வாங்குங்கள். சதுர மீட்டருக்கு 10 என்று சொல்லி விற்கிறவர் தண்ணீர் மாற்றும் செலவைச் சொல்வதில்லை.

சொந்தமாகக் குஞ்சு எடுப்பதை முதல் ஆண்டில் நினைக்கவே வேண்டாம். மீன் முட்டையிடும், அதில் சிரமமில்லை. பொரித்த மூன்றாம் நாளிலிருந்து வேளாவேளைக்கு உயிர் இரை கொடுக்க வேண்டும், அதற்கு ஆர்டீமியா, மொய்னா போன்ற நுண்ணிய நீருயிரிகள் தட்டாமல் கையில் இருக்க வேண்டும். அது தனித் தொழில்.

5. ஏற்றி வருவதும் இறக்குவதும்

கேனில் ஏற்றினால் பாதிக்கு மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. விரால் மேலே வந்து காற்றைக் குடித்தால்தான் பிழைக்கும். விளிம்புவரை தண்ணீர் நிரப்பி மூடினால் மூச்சு முட்டிச் சாகும். மற்ற மீனை ஏற்றிப் பழகியவர்கள் செய்கிற தவறு இது. மூடியில் துளை இருக்கட்டும், குஞ்சு தாவுவதால் மூடி கட்டாயம். ஏற்றுவதற்கு முந்தைய நாளே தீவனத்தை நிறுத்தச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வழியில் கக்கிக் கழிந்து தண்ணீர் கெடும்.

குளத்துக்கு வந்ததும் கேனைத் தண்ணீரில் வைத்து, குளத்து நீரைச் சிறிது சிறிதாக 20 நிமிடம் கலந்துவிடுங்கள். பிறகு 10 லிட்டருக்கு 200 கிராம் கல்லுப்பு கரைத்த வாளியில் வலையோடு ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். குஞ்சு புரண்டால் அந்தக் கணமே எடுத்துவிட வேண்டும். உப்பு, தோலில் ஒட்டிய ஒட்டுண்ணியைக் கழற்றும், சிராய்ப்பில் பூஞ்சை ஏறாமல் காக்கும்.

குஞ்சை நேராகக் குளத்தில் விடாதீர்கள், ஹாப்பாவில்தான் விட வேண்டும். குளத்தில் விட்ட குஞ்சை மறுபடி வாரிப் பிரிக்க முடியாது, வலைக்கு அடியில் சேற்றில் புதைந்துகொள்ளும். ஹாப்பாக்களைக் குளத்துக்குள்ளேயே, அடி தரையில் படாமல், மேல்விளிம்பு தண்ணீருக்கு ஒன்றரை அடி மேலே நிற்கும்படி கட்டுங்கள். நான்கில் தலா 600 குஞ்சு, ஐந்தாவது அளவு பிரிக்கக் காலியாக இருக்கட்டும். உள்ளே கால்பங்குப் பரப்புக்கு வெங்காயத்தாமரையோ வள்ளைக் கீரைக் கொடியோ போட்டு வையுங்கள். ஒளிய இடம் இருந்தால் துரத்தல் குறையும். ஹாப்பா வலையில் பாசி அடைத்தால் தண்ணீர் உள்ளே போகாது, வாரம் ஒரு முறை வெளிப்புறம் மென்மையாகத் தேய்த்துவிடுங்கள்.

6. தீவனத்துக்குப் பழக்குவது

பழகிய குஞ்சுக்கும் இடம் மாறியதால் இரண்டு மூன்று நாள் பிடிக்கும். முதல் நாள் ஒன்றும் போட வேண்டாம். இரண்டாம் நாள் காலை, பண்ணையில் தின்ற அதே தீவனத்தை, அதே அளவுக் குச்சியை, ஹாப்பாவின் ஒரே மூலையில் கொஞ்சமாகப் போடுங்கள். தீவனத்தின் பெயரையும் குச்சி அளவையும் வாங்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

செங்குஞ்சு வாங்கியவர்களுக்கு வேலை நீளம். விராலுக்கு அசைவதுதான் இரை, மிதந்து நிற்கும் குச்சி அதன் கண்ணில் உணவே அல்ல. அதனால் வாசனையையும் மென்மையையும் காட்டி, படிப்படியாக இழுத்து வர வேண்டும்.

முதல் மூன்று நாள் மொய்னா போன்ற உயிர் இரை மட்டும். அடுத்து, முள் நீக்கி நைய அரைத்த மலிவு மீன் சதையோடு தீவனத் தூளைப் பிசைந்து கொடுக்க வேண்டும். தொடக்கத்தில் சதை மூன்று பங்கு, தூள் ஒரு பங்கு. நான்கு நாள் கழித்துச் சரிபாதி. மேலும் நான்கு நாள் கழித்துச் சதை ஒரு பங்கு, தூள் மூன்று பங்கு. கடைசியில், மீன் அரைத்த நீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்த சின்னக் குச்சி. அது பழகியதும் காய்ந்த குச்சி. எந்தப் படியிலும், போட்டதில் பெரும்பகுதியைத் தின்னாமல் அடுத்ததற்குப் போகாதீர்கள்.

பிசைந்ததைத் தண்ணீருக்கு அரை அடி கீழே தொங்கும் தட்டில் வையுங்கள், நாளுக்கு நான்கு வேளை, அதே இடம், அதே நேரம். அரை மணி கழித்துத் தட்டைத் தூக்கிக் கழுவ வேண்டும். மிச்சத்தை விட்டுவைத்தால் தண்ணீர் கெடும். அதைவிடக் கெடுதல், பசி வரும்போது தின்னலாம் என்று குஞ்சு நேரம் தவறும். தட்டைப் படிப்படியாக மேலே உயர்த்தி, கடைசியில் நீர்மட்டத்துக்கே கொண்டுவந்தால் மிதக்கும் குச்சிக்கு மாறுவது சுலபம். குச்சிக்கு மாறும் முதல் நாட்களில், சிறு குழாயால் தண்ணீரைப் பீய்ச்சிக் குச்சியை நகரவிட்டால் சீக்கிரம் கவ்வும்.

பதினைந்து நாளாகியும் பழகாத குஞ்சுகளைத் தனியாக எடுத்துவிடுங்கள். அவை ஒன்று மெலிந்து இரையாகும், இல்லை பக்கத்திலிருப்பதைத் தின்னப் பழகும். இரண்டாவது வகைதான் ஆபத்து. ஒரு முறை குஞ்சு தின்று ருசி கண்டது குச்சிக்குத் திரும்ப அடம்பிடிக்கும்.

7. அளவு பிரிப்பது

விரால் தன் நீளத்தில் பாதியுள்ள இன்னொரு விராலைத் தாராளமாக விழுங்கும். 10 செ.மீ. குஞ்சுகளுக்கு நடுவே 5 செ.மீ. குஞ்சு ஒன்று இருந்தால் அதைப் போனதாகவே கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். விழுங்க முடியாத அளவு இருந்தாலும் கடிக்கும். வால் கடிபட்டது நீந்தத் தளரும், அடுத்த கடியில் போகும்.

கையாள எளிய விதி: கூட்டத்தில் பெரியது சின்னதைப்போல ஒன்றரை மடங்கு நீளத்தை எட்டும் முன் பிரித்துவிட வேண்டும். நடைமுறையில், 10 செ.மீ. ஆகும்வரை வாரம் ஒரு முறை, அதன் பிறகு 15 செ.மீ. ஆகும்வரை பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒரு முறை. "எல்லாம் ஒரே அளவாகத்தானே தெரிகிறது" என்று ஒரு வாரம் தள்ளிப்போடுவதில்தான் எண்ணிக்கை கரையும். மேலேயிருந்து பார்த்தால் பெரியவை மட்டுமே தீவனத்துக்கு வரும், சின்னவை கொடிக்கடியில் இருக்கும். அதனால்தான் எல்லாம் ஒரே அளவாகத் தெரிகிறது.

செய்முறை இது:

முந்தைய மாலைத் தீவனத்தை நிறுத்துங்கள். வயிறு நிறைந்த மீனைப் பிடித்தால் கக்கும், அதிர்ச்சியில் சாகவும் செய்யும்.

வெயில் ஏறுமுன், ஹாப்பாவின் ஒரு பக்கத்தை உயர்த்திக் குஞ்சுகளை மறுபக்கம் ஒதுக்குங்கள். நடுத்தர அளவுக் குஞ்சு ஒன்றை எடுத்து அதன் தலை நுழையாத, அதைவிடச் சின்னதின் தலை நுழையும் துளையுள்ள கூடையைத் தேர்ந்தெடுங்கள். அந்தக் கூடையைக் காலி ஹாப்பாவுக்குள் பாதி மூழ்க வைத்து, குஞ்சுகளை அதில் ஊற்றுங்கள். சின்னவை தாமாகவே துளை வழியே வெளியேறும். கூடையைக் குலுக்காதீர்கள். குலுக்கினால் செதிலும் வழவழப்பும் போகும், இரண்டே நாளில் அந்த இடத்தில் பஞ்சு போலப் பூஞ்சை முளைக்கும். கூடை முழுநேரமும் தண்ணீரில், கை நனைந்தே இருக்க வேண்டும், மேலே மூடி வேண்டும்.

கூடையில் நின்றவை ஒரு ஹாப்பா, இறங்கியவை இன்னொன்று. எல்லாவற்றையும் முந்தி வளர்ந்த பத்து இருபது இருக்கும், அவற்றைப் பெரியவற்றோடுகூடச் சேர்க்காமல் தனிக் கூண்டில் போடுங்கள். அந்த இருபதை வீட்டுத் தொட்டியில் வளர்த்துக் குழம்பு வைத்தாலும் நட்டமில்லை.

ஒவ்வொரு முறையும் எண்ணுங்கள். செத்து எடுத்தது எத்தனை, காணாமல் போனது எத்தனை என்று தனித்தனியாக எழுதுங்கள். காணாமல் போனது அதிகமென்றால் பிரிக்கும் இடைவெளியைக் குறைக்க வேண்டும், அல்லது தீவனம் போதவில்லை. செத்தது அதிகமென்றால் தண்ணீரைப் பாருங்கள். எண்ணாமல் வளர்ப்பவர்களுக்கு இந்த இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

8. குளத்தில் திறந்துவிடுவது

15 செ.மீ. நீளம், 30 கிராம் எடை வந்ததும் ஹாப்பாவிலிருந்து குளத்துக்கு விடலாம். 8 செ.மீ. குஞ்சில் தொடங்கினால் ஒன்றரை முதல் இரண்டு மாதம் ஆகும். எல்லாவற்றையும் ஒரே நாளில் விடுங்கள்.

சின்ன அளவுக் கூட்டத்தை "இன்னும் மூன்று வாரம் கழித்து விடலாம்" என்று வைத்திருந்து பிறகு விடுவது அடிக்கடி பார்க்கிற தவறு. அந்த மூன்று வாரத்தில் குளத்தில் உள்ளவை இரண்டு மடங்கு எடை ஏறியிருக்கும், பின்னால் போகிறவை அவற்றுக்கு இரை. இரண்டு அளவு இருந்தால் குளத்தை வலையால் குறுக்கே தடுத்து இரண்டு பகுதியாக்கிக்கொள்ளுங்கள். தடுப்பு வலையும் அடியில் புதைந்திருக்க வேண்டும். முடியாவிட்டால் சின்னவற்றை விற்றுவிடுவது மேல்.

குளத்தின் ஐந்தில் ஒரு பங்குக்கு வெங்காயத்தாமரை வளர்க்கலாம். பி.வி.சி. குழாயால் சட்டம் கட்டி அதற்குள் அடக்கி வையுங்கள், விட்டால் குளத்தையே மூடிவிடும்.

ஜிலேபி மீனைக் கூட விட்டால் அது குஞ்சு பொரிக்க, விரால் தின்னும், தீவனம் மிச்சம் என்று ஆலோசனை வரும். உயிர் இரையிலேயே வளர்க்கும் குளத்துக்கு அது சரி. குச்சிக்குப் பழக்கிய மீனுக்கு அது பாடுபட்டுப் பழக்கியதைக் கெடுக்கும். சில மீன் ஜிலேபிக் குஞ்சுக்குத் திரும்பி மற்றதைவிட வேகமாக வளரும், மறுபடி அளவு கலையும்.

9. தினசரித் தீவனம்

காலை 7 மணி, மாலை 5.30 மணி. குளத்தில் மூன்று நான்கு இடங்களில், மிதக்கும் குழாய்ச் சட்டத்துக்குள் போடுங்கள். ஒரே இடத்தில் போட்டால் பலமானவை மற்றதை அண்டவிடாது. சட்டம் இல்லாவிட்டால் காற்றில் குச்சி கொடிக்குள் ஒதுங்கி அழுகும்.

மொத்த எடையில் 30 கிராம் மீனுக்கு 5 சதவீதம், 100 கிராமுக்கு 4, 300 கிராமுக்கு 2.5, அரைக் கிலோவுக்கு மேல் 1.5 முதல் 2 சதவீதம். 2,000 மீன் 30 கிராமில் இருந்தால் மொத்தம் 60 கிலோ, நாளுக்கு 3 கிலோ தீவனம். பதினைந்து நாளுக்கு ஒரு முறை வீச்சு வலையில் இருபது மீன் பிடித்து நிறுத்துக் கணக்கைத் திருத்துங்கள். இது மேல்வரம்புதான். இருபது நிமிடத்தில் தின்று முடிக்காவிட்டால் அடுத்த வேளை குறைக்க வேண்டும். மழை மூட்டத்திலும் மார்கழிக் குளிரிலும் பாதி போதும்.

ஒரு கிலோ மீன் ஏற ஒன்றரைக் கிலோ தீவனம் என்று வைத்துக்கொண்டு செலவுக் கணக்கைப் போடுங்கள். 1,400 மீன் தேறி, ஒன்று 700 கிராம் என்றால் ஏறத்தாழ ஒரு டன். அப்படியானால் ஒன்றரை டன் தீவனத்துக்குக் கையில் பணம் இருக்க வேண்டும். ஆறாவது மாதம் பணம் தீர்ந்து, கோழிக்கடைக் கழிவுக்கு மாறுகிறவர்கள் நிறைய. கழிவின் கொழுப்பு மீனின் வயிற்றிலும், மிச்சம் தண்ணீரிலும் சேரும். வாங்கவரும் வியாபாரியும் வாடையை வைத்தே விலையைக் குறைப்பார். பணம் அவ்வளவுதான் என்றால் குஞ்சைக் குறைத்து விடுங்கள்.

10. தண்ணீர்

கெண்டைக் குளம் கெட்டால் விடியற்காலையில் மீன் வாயைப் பிளந்து மிதந்து காட்டிக்கொடுக்கும். விரால் அப்படிக் காட்டாது. காற்றைக் குடித்துக்கொண்டு கெட்ட தண்ணீரிலும் நாட்களை ஓட்டும். ஆனால் அமோனியா செவுளையும் தோலையும் அரித்துக்கொண்டே இருக்கும். முதல் அறிகுறி தீவனம் குறைவது, அடுத்தது தோலில் வழவழப்பு மிகுவது.

ஆகவே கண்ணை நம்பாமல், வாரம் ஒரு முறை மாலையில் அமோனியா சோதித்துப் பாருங்கள். மூன்றாம் மாதம் முதல் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை கால்பங்குத் தண்ணீரை அடிமட்டத்திலிருந்து வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விடுங்கள். கழிவு அடியில்தான் இருக்கிறது. மேல்தண்ணீரை வழியவிட்டால் கணக்குக்கு மாற்றியதாகும், குளம் மாறாது. வெளியேற்றிய தண்ணீர் தென்னைக்கும் வாழைக்கும் நல்ல உரம்.

11. புண் நோய்

மழை ஓய்ந்து குளிர் இறங்கும் காலம், நவம்பர் முதல் பிப்ரவரி வரை. தோலில் சிவந்த புள்ளி தோன்றி, செதில் உதிர்ந்து, ஆழமான புண்ணாகும். விராலை மிகக் கடுமையாகத் தாக்கும் நோய் இது. அஃபனோமைசிஸ் எனும் பூஞ்சை போன்ற நீர்க்கிருமி இதற்குக் காரணம். ஆகவே கடையில் கொடுக்கும் ஆன்டிபயாடிக்கைத் தீவனத்தில் கலந்தால் இது அடங்காது.

தடுப்பதே வழி. அக்டோபர் முடிவிலிருந்து வாய்க்கால், வயல் தண்ணீர் உள்ளே வரவிடாதீர்கள், கிணற்றுத் தண்ணீர் மட்டும் விடுங்கள். வெளிமீனும் வலையும் வாளியும் அடுத்த குளத்திலிருந்து வரக்கூடாது. வாரம் 4 கிலோ விவசாயச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியுங்கள், கார அமில அளவு 8.5-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தக் காலத்தில் மீனைக் கையாள்வதைக் குறையுங்கள், சிறு சிராய்ப்பு போதும் கிருமி நுழைய.

புண் கண்டால் அந்த மீனை எடுத்துச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். புவனேஸ்வரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் உருவாக்கிய சிஃபாக்ஸ் மருந்தை, ஒரு ஹெக்டேர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒரு லிட்டர் என்ற கணக்கில் விடுவார்கள். நம் குளத்துக்கு அது 40 மில்லி. வாளித் தண்ணீரில் கரைத்துப் பரவலாகத் தெளிக்க வேண்டும். பாதிக்கு மேல் மீனில் புண் பரவிவிட்டால் மருந்தைத் தேடுவதைவிட மீன்வளத் துறையையோ அருகிலுள்ள மீன்வளக் கல்லூரியையோ அழைப்பதே சரி.

12. பிடிப்பதும் விற்பதும்

எட்டு முதல் பத்து மாதத்தில் 600 கிராம் முதல் ஒரு கிலோ வரை வரும். தேதியை மீனை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கோடையில் ஏரி குளங்கள் வற்றி ஊர்மீன் பிடிக்கிற நாட்களில் காட்டு விரால் சந்தையில் குவியும், விலை இறங்கும். அந்த இரண்டு மூன்று வாரத்துக்கு முன்போ பின்போ பிடியுங்கள்.

பிடிக்கும் முன்பே வியாபாரியிடம் அளவையும் நாளையும் பேசி முடித்திருக்க வேண்டும். விராலுக்கு விலை உயிருக்குத்தான். செத்த மீனைப் பாதி விலைக்கும் கேட்க யோசிப்பார்கள்.

இரண்டு நாள் முன்னதாகத் தீவனத்தை நிறுத்துங்கள். இழுவலையை நம்ப வேண்டாம். பாதி வலையைத் தாண்டிக் குதிக்கும், மீதி சேற்றில் புதையும். விடியுமுன் தண்ணீரை முழங்கால் அளவுக்கு இறைத்து, வீச்சு வலையில் முடிந்தவரை பிடித்துவிட்டு, பிறகு மீதியை இறைத்துக் கையால் துழாவுங்கள். வெயில் ஏறிக் கொதிக்கிற சேற்றுநீரில் மீன் சாகும், அதனால் ஒன்பது மணிக்குள் முடிய வேண்டும்.

பிடித்ததும் நல்ல தண்ணீர் உள்ள தொட்டியில் ஓரிரு மணி விட்டுச் சேற்றைக் கக்கவிடுங்கள். பிறகு அளவு வாரியாகப் பிரித்து எடை போடுங்கள். டிரம்மில் மீன் நனைகிற அளவுக்கு மட்டும் தண்ணீர், மேலே ஈரச் சாக்கு, துளையுள்ள மூடி. ஐஸ் போடக்கூடாது, குளிர்ந்தால் மீன் விறைத்து, செத்ததுபோலக் கிடக்கும், வியாபாரி எடுத்துப் போட்டுவிடுவார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் பயணமென்றால் நடுவில் ஒரு முறை தண்ணீரை மாற்றுங்கள். நுரை கட்டிய தண்ணீர் அதற்கான அடையாளம். டிரம்மின் அடியில் கிடப்பது மேலே வந்து காற்றுக் குடிக்க வழியிருக்க வேண்டும், அதனால் ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று அடுக்குக்கு மேல் மீனை ஏற்றாதீர்கள்.